காய்ந்த ரெக்சினுக்கு எந்த எண்ணெய்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) 1978இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், பதினோரு வருடம் தோட்டத்துச் சாளையில் நின்றிருக்கிறது. இன்ஜின் வேலை முடிந்துவிட்டது, சீட்டும் முன்பே மாற்றியது. டாஷ்போர்டு மேலிருக்கும் ரெக்சின், கதவுகளின் உட்புறத்தை மூடும் நான்கு டோர் பேடுகள், வெயில் மறைக்கும் இரண்டு சன் வைசர் மட்டும் காய்ந்து விறைத்துக் கிடக்கின்றன. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கிளிசரின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதைப் பூசட்டும் என்பது உங்கள் கேள்வி. எந்த எண்ணெய் என்று கேட்டிருந்தாலும், போன மென்மை திரும்பி வருமா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். திரும்பி வராது. ஆனால் அதற்காக எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காப்பாற்றலாம்.

நான் 1989இல் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் வேலைக்குச் சேர்ந்தவன். நடுவில் இரண்டு வருடம் ரெக்சின் தயாரிக்கும் ஆலையில் இருந்தேன். அதற்குப் பிறகு கோவையில் சொந்தமாக குஷன் கடை. அந்த ஆலையில் பார்த்ததுதான் எனக்குப் பிற்பாடு எல்லாவற்றையும் புரியவைத்தது. ரெக்சின் என்பது துணி மேல் ஒட்டிய பிவிசி பிளாஸ்டிக். அந்த பிவிசி பிசின் மாவு போல வெள்ளையாக மூட்டையில் வரும். அதை மட்டும் உருக்கி அச்சில் வார்த்தால் தண்ணீர்க் குழாய் போலக் கெட்டியாகத்தான் இருக்கும். அதில் டிஓபி என்று நாங்கள் சொல்லும் நிறமில்லாத, எண்ணெய் போன்ற திரவத்தைக் கலப்போம். நிறப்பொடி, சூடு தாங்குவதற்கான மருந்து இதெல்லாமும் சேரும். தோசை மாவு பதத்துக்கு வந்த கலவையை வரிப்பதித்த காகிதத்தின் மேல் மெல்லிசாகத் தேய்த்து, 180 டிகிரிக்கு மேல் சூடான அடுப்புக்குள் ஓட்டி, மேலே துணியை ஒட்டி, கடைசியில் காகிதத்தை உரித்தால் ரெக்சின். அந்தத் திரவத்துக்குப் பொதுப்பெயர் பிளாஸ்டிசைசர். பிசினோடு அது ரசாயன முறையில் பிணைவதில்லை. பிசின் மூலக்கூறுகளின் நீண்ட இழைகளுக்கு நடுவே புகுந்து அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்படி செய்கிறது, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கின் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இந்தத் திரவமாகவே இருக்கும். இப்படி மென்மையாக்கும் வழியை 1926இல் அமெரிக்காவில் குட்ரிச் நிறுவனத்தில் வேலை செய்த வால்டோ செமன் கண்டுபிடித்தார். ரெக்சின் என்ற பெயர் அதற்கும் முந்தியது. அது இங்கிலாந்தில் வேறொரு பூச்சுத் துணிக்கு வைத்த வணிகப் பெயர், நம் ஊரில் எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது.

பிணைப்பு இல்லாததால் அந்தத் திரவம் வருடக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். இதை நீங்களே வீட்டில் பார்த்திருப்பீர்கள். பட்டா ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் ஃபைலில் வைத்து நாலைந்து வருடம் கழித்து எடுத்தால் எழுத்து கவரோடு ஒட்டி வந்துவிடும். ஃபைலிலிருந்து கசிந்த பிளாஸ்டிசைசர் ஜெராக்ஸ் மையை இளக்கியதால் வந்த வினை அது. புதுக் காரில் முன்கண்ணாடிக்கு உட்புறம் பிசுபிசுப்பாக ஒரு படலம் வருமே, அதிலும் பெரும்பங்கு டாஷ்போர்டிலிருந்து ஆவியாகிப் போய்ப் படிந்ததுதான். சூடு ஏற ஏற இந்த ஓட்டம் வேகமாகும். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கும்போது, கண்ணாடி மூடி வெளியில் நிற்கும் காரின் டாஷ்போர்டு 70ஐத் தாண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் பிசினையே வேறு அரிக்கும். ஆக, உங்கள் ரெக்சின் ஈரம் வற்றிக் காயவில்லை. தன் உடம்பின் ஒரு பாகத்தையே இழந்திருக்கிறது. காங்கேயம் பக்கம் களத்தில் கிடக்கும் கொப்பரையைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது இளந்தேங்காய் ஆவதில்லை. இதுவும் அப்படித்தான். இழந்த இடத்தில் இழைகள் நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றன, அதனால்தான் டோர் பேடின் ஓரம் சுருங்கி அட்டையிலிருந்து விலகி நிற்கிறது.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் பிவிசிக்குள் போய்த் தங்காது. மேலேயே நின்று பளபளக்கும். தாவர எண்ணெய்களில் சோயா எண்ணெயை ரசாயன மாற்றம் செய்து ஆலையில் கலப்பது உண்டு, ஆனால் அது சமையலறைப் புட்டியில் இருக்கும் எண்ணெய் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எண்ணெயும் கொழுப்பும் பிவிசியில் மிச்சமிருக்கும் பிளாஸ்டிசைசரை வெளியே இழுத்துக்கொள்ளும். கொழுப்புள்ள உணவை மென்மையான பிவிசியில் பொதிய ஐரோப்பிய நாடுகள் கட்டுப்பாடு வைத்திருப்பது இதனால்தான். நல்லது செய்வதாக நினைத்துப் பூசும் எண்ணெய், இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சும். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மேலே பிசுபிசுப்பாக நிற்கும், அதுவும் உள்ளே இறங்காது.

1998இல் தாராபுரத்துப் பெரியவர் ஒருவரின் ஃபியட்டுக்கு இதை நானே செய்தேன். "ஏனுங்க, வண்டிக்குத் தேங்காயெண்ணெயும் சீமெண்ணெயும் கலந்து போட்டா நல்லாருக்கும்னு சொல்றாங்களே" என்றார். எனக்கும் அப்போது விவரம் பத்தாது, பூசிக் கொடுத்தேன். பதினைந்து நாள் புதுசு போல இருந்தது. சித்திரை முடிவதற்குள் மண்ணெல்லாம் ஒட்டி, கறுத்து, டோர் பேடின் வரி வரியான மடிப்புகளில் நீளமாகக் கீறல் விட்டுவிட்டது. நாலு பேடையும் என் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் கம்பெனியில் அழுத்திய அந்த வரியை என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, அது இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

அடுத்து, அடித்துச் சொல்ல முடியாத விஷயங்கள். கடையில் 'வினைல் ரெஸ்டோரர்' என்று விற்கும் புட்டிகள் நிறத்தை ஆழமாகக் காட்டும், தூசி ஒட்டாமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும். மென்மை திரும்பியதாக நான் தொட்டு உணர்ந்தது இல்லை. சிலிகான் பாலிஷ் ரெக்சினைக் காயவைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அது நிரூபணமாகத் தெரியவில்லை. ஆனால் சிலிகான் பட்ட இடத்தில் பிறகு நிறம் அடித்தால் பெயின்ட் கண் கண்ணாக விலகி நிற்கும், இது நிச்சயம். டிஓபியையே நேராகப் பூசிப் பார்த்ததும் உண்டு. சீட் ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய பைப்பிங் துண்டுகளின் பின்பக்கம் தடவி, பாலிதீனில் சுற்றி ஒரு வாரம் வெயிலில் வைத்தேன். சில துண்டுகள் வளைந்தன, ஆனால் மூன்று மாதத்தில் பிசுக்கு ஏறிவிட்டது, ஒன்றிரண்டு மறுபடி விறைத்தன. கனமான டாஷ்போர்டு ரெக்சினில் ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைகள் பொம்மையில் சேர்க்கக் கூடாது என்று பல நாடுகள் தடுத்திருக்கும் திரவம் அது. கை படும் இடத்தில் பூசச் சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. காலையில் பார்க்காதீர்கள். குளிரில் எல்லா ரெக்சினும் விறைப்பாகத்தான் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு வண்டியை வெயிலில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு, வெளியே தெரியாத ஓரத்தை மெதுவாக மடித்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அது அழுக்கும் வெளுப்பும்தான், கழுவி நிறம் அடித்தால் போதும். கட்டையாக இருக்கிறது, ஆனால் கீறல் விடவில்லை என்றால், அதை வளைக்காமல் இருக்கிற வடிவிலேயே வைத்துக் காப்பாற்றலாம். அப்பளம் போல முறிந்தால் அந்தப் பாகத்தை மாற்றத்தான் வேண்டும். தொட்டால் பிசுக்கென்று ஒட்டுகிறது என்றால் பயப்படாதீர்கள், பிளாஸ்டிசைசர் இப்போதுதான் மேலே கசிகிறது என்று பொருள். அதைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், போதும்.

மடிக்கும்போது பின்பக்கத் துணியையும் பாருங்கள். இழை குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நெசவுத் துணியா, கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல் துணியா? ஈரோட்டுத் துணிக்கும் திருப்பூர் பனியனுக்கும் உள்ள வித்தியாசம்தான், நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ரெக்சினில் பெரும்பாலும் பருத்தி நெசவு இருக்கும். பிறகு வந்தவற்றில் பின்னல் துணி அதிகம், அது இழுத்தால் நீளும். டாஷ்போர்டில் பின்னல் துணி இருந்தால், அது அப்பிச்சி காலத்தில் பக்கத்துக் குஷன் கடையில் மேலே போர்த்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் பஞ்சு வைத்து ரெக்சின் போர்த்துவது வெகு சாதாரணம். அப்படியானால் அதைத் தயங்காமல் மாற்றலாம். நெசவுத் துணி என்றால் அது கம்பெனியில் வந்ததாகவே இருக்கலாம், கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

கழுவுவதற்குப் பாத்திரம் விளக்கும் லிக்விட் சில சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மென்மையான டூத் பிரஷ் போதும். வரிகளுக்குள் நாற்பது வருட அழுக்கு இருக்கும். நுரையை மட்டும் வைத்துத் தேய்த்து ஈரத்துணியால் உடனே ஒற்றி எடுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள், டோர் பேடுக்குப் பின்னால் இருப்பது ஹார்ட்போர்டு, ஊறினால் உப்பிப் பழைய நிலைக்கு வராது. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம். தின்னர் துணியில் நிறம் ஏறுவதைப் பார்த்து அழுக்கு வருகிறது என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். வருவது ரெக்சினின் மேல்பூச்சு. ஒரு கழுவலுக்குப் பிறகு இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். செத்துப்போனது என்று கொண்டுவரும் பாகங்களில் பல, அழுக்குப் போனதும் உயிர் வந்தது போலத் தெரியும். மூன்று கார் வந்தால் ஒரு காருக்கு நான் அதோடு வேலையை முடித்திருக்கிறேன்.

டோர் பேடைக் கழற்றுவதும் மத்தியான வெயிலில்தான். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவுக் கைப்பிடி இரண்டையும் பின்னோ கிளிப்போ பார்த்து எடுத்த பிறகு, அகலமான பட்டையான மரக்குச்சியை கிளிப் இருக்கும் இடத்துக்குச் சரியாக அடியில் விட்டு நெம்புங்கள். நடுவில் நெம்பினால் ஹார்ட்போர்டு கிளிப் ஓட்டையில் உடையும். நான் பார்த்த சேதங்களில் காலம் செய்ததைவிட இப்படிக் கழற்றும்போது கை செய்தது அதிகம். கழற்றியதும் அட்டையின் உட்பக்கம், கதவு இரும்பில் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கண்ணாடி வழி இறங்கும் மழைத்தண்ணீர் நேராக அட்டைக்குப் போகும். புதுத்தாள் ஒட்டிவிட்டுப் பிறகு பேடை மாட்டுங்கள். சுருங்கி விலகிய ஓரத்தை ஹீட் கன்னால் சூடேற்றி இழுத்து ஒட்டலாம். ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குச் சுள்ளென்று சுடும் அளவு போதும், 60, 70 டிகிரிக்கு மேல் வேண்டாம். வரி மழுங்கிப் பளபளப்பு ஏறத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். காட்டமான நெடி வந்தால் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுகிறது என்று பொருள், அதற்குப் பிறகு அந்த இடம் மஞ்சளாகிவிடும். பசைக்கும் கவனம் வேண்டும். சாதாரண மஞ்சள் ரப்பர் பசையை ரெக்சினில் இருக்கும் பிளாஸ்டிசைசரே ஒன்றிரண்டு வருடத்தில் இளக்கிவிடும். வெயிலையும் பிவிசியையும் தாங்கும் பாலியூரிதேன் வகைப் பசை என்று கேட்டு வாங்குங்கள்.

பேடு முறிந்துபோய் மாற்றத்தான் வேண்டும் என்றால், அந்த வரிகள் தையல் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதிக அதிர்வெண் மின்சாரத்தில் ரெக்சினைச் சூடாக்கி அழுத்தி வெல்டு செய்தவை. அந்த எந்திரம் ஓடுவது 27.12 மெகாஹெர்ட்ஸில். பிவிசி மூலக்கூறு அந்த அலைக்கு உள்ளேயே சூடாவதால் மேல் பக்கம் கருகாமல் ஒட்டிக்கொள்ளும். குஷன் கடைகளில் இது கிடையாது. பிளாஸ்டிக் ஃபைல், மழைக்கோட்டு செய்யும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். உங்கள் பழைய பேடை அளவுக்குக் கொடுத்து அச்சு செய்யச் சொன்னால் செலவு கூடும். அதற்கு முடியவில்லை என்றால் தையலே போடலாம், ஆனால் அங்குலத்துக்கு ஆறு ஏழு குத்துக்கு மேல் வேண்டாம். நெருக்கித் தைத்தால் தபால் தலை ஓரம் போலக் கிழியும். நூல் பாலியஸ்டர்.

டாஷ்போர்டு கஷ்டமான பாகம். அடியில் இருக்கும் நுரை பொடிந்துபோயிருந்தால் மேலே என்ன செய்தாலும் நிற்காது. ஒன்றிரண்டு சின்னக் கீறல்தான் என்றால், கீறல் முடியும் இடத்தில் மிகச் சிறிய வட்டத் துளை போட்டால் அது மேலே ஓடாது. பிளந்த வாயைச் சற்று விரித்து, வளையும் வகை ஃபில்லர் நிரப்பி, அதன் மேல் நல்ல இடத்திலிருந்து அச்செடுக்கும் சிலிகான் மாவில் எடுத்த வரி அச்சை அழுத்தி நிறம் அடிக்கலாம். ஆறு மாதம் கழித்து எங்கே கீறல் இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். ஆனால் இரண்டு கோடைக்குப் பிறகும் அப்படியே இருக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சுற்றியுள்ள ரெக்சின் விறைத்தது விறைத்ததுதான், ஃபில்லர் பக்கத்திலேயே புதுக் கீறல் கிளம்பும். வண்டி தினமும் வெயிலில் நிற்கும் என்றால் மாற்றிவிடுவதே மேல். பின்னல் துணி ரெக்சின் எடுத்தால் வளைவில் சுருக்கமில்லாமல் உட்காரும்.

நிறத்துக்கு ரெக்சின் டை என்று கேட்பீர்கள். பெயர்தான் டை, உண்மையில் ரெக்சினோடு ஒட்டி வளையும் பெயின்ட். மெல்லிசாக நாலைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட்டு அடிக்க வேண்டும். அதற்கு முன்பு பழைய பாலிஷை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள், ஊறவிடாதீர்கள். சரியான நிறம் வேண்டுமானால் வெளுத்த முன்பக்கத்தைப் பார்க்காமல், பேடின் பின்னால் மடித்து ஒட்டிய ஓரத்தைப் பாருங்கள். 1978இல் ஆலையிலிருந்து வந்த நிறம் அங்கேதான் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. பழைய ரெக்சினைக் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துச் சூடு தாங்கும் மருந்தில் ஈயமோ காட்மியமோ இருந்திருக்கலாம். தேய்க்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். உரித்த துண்டுகளைத் தோட்டத்துக் குப்பையோடு சேர்த்து எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை மனிதருக்கும் ஆகாது, கட்டுத்தரையில் நிற்கும் மாட்டுக்கும் ஆகாது.

வேலை முடிந்த பிறகு சாளையிலேயே நிறுத்துங்கள், வெளியில் நிறுத்தும்போது டாஷ்போர்டு மேல் பழைய பருத்தி வேட்டியை விரித்து, கண்ணாடியை விரல் நுழையும் அளவு இறக்கி வையுங்கள். பிளாஸ்டிக் கார் கவர் வேண்டாம், காற்றுப் போகும் துணிக் கவர் போதும். கழற்றிய பேடுகளை வைக்கும்போது நடுவில் செய்தித்தாளோ தெர்மோகோலோ வைக்காதீர்கள். பிளாஸ்டிசைசர் பட்டால் அச்சு மை ரெக்சினுக்கு ஏறும், தெர்மோகோல் கரைந்து ஒட்டிக்கொள்ளும்.

நேரில் தொட்டுப் பார்க்காமல் உங்கள் டாஷ்போர்டு எந்த நிலையில் இருக்கிறது என்று நான் முடிவு சொல்ல முடியாது. மதிய வெயிலில் மடித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கத் துணியையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். வைசர்களைப் பொறுத்தவரை, ஓரத்து வெல்டு விட்டிருக்காவிட்டால் கழுவிவிட்டுத் தொடாமல் விடுங்கள். அவற்றைப் பிரித்தால் திரும்ப ஒட்டுவது கடினம்.

டாஷ்போர்டில் அப்பிச்சி ஒட்டிய பழனி முருகன் ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது என்று அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எடுக்கவே வேண்டாம். ரெக்சின் கழுவலோடு தப்பித்தால் ஸ்டிக்கரைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நிறம் அடியுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஸ்டிக்கரைத் தனியாக உரிக்கப் பார்க்காதீர்கள், நாற்பது வருடப் பசை கிழித்துவிடும். சுற்றிலும் இரண்டு அங்குலம் விட்டு ரெக்சினோடு சேர்த்தே வெட்டி எடுத்து, பட்டையான அட்டையில் ஒட்டி அம்மாயியிடம் கொடுத்துவிடுங்கள்.